உன் அக்காவுக்கு அந்தப் பத்திரத்தைப் படித்துக் காட்டு

சாமி, உன் போர்வெல் ரிக் வண்டி எந்த மாநிலத்தில் எவன் காட்டைத் துளைத்துக்கொண்டிருக்கிறதோ எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் உடம்பு நோகாமல் இரு. நான் இருக்கிறேன். கஞ்சி வைத்துக் குடிக்கக் கை இன்னும் ஓடுகிறது. இதை எழுதுவது நம் ஊர்ப் பழைய தபால்காரர். நீ காலேஜ் விடுதியிலிருந்து போட்ட கடிதங்களை உன் அம்மாவுக்கும் எனக்கும் படித்துக் காட்டியவர் அவர்தான். நான் சொல்லச் சொல்ல அவர் எழுத்து நடையில் எழுதி, பத்தி முடிந்ததும் திருப்பிப் படித்துக் காட்டுகிறார். ஒரு வார்த்தை மாறியிருந்தாலும் நிறுத்திவிடுகிறேன். "இதுக்குத் தந்தி குடுத்திருக்கலாமுங்க, வார்த்த கொறைவு" என்று சிரிக்கிறார். போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் "செரிங்ப்பா, செரிங்ப்பா" என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்தால்தான் உண்டு. கிழிப்பதற்குள் கொஞ்சமாவது படித்துவிடுவாய்.

ஆவணியில் உன் அக்கா தனத்தின் மகனுக்குக் கல்யாணம். நீ மாமன். சீர்த் தட்டு உன் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். போன மாதம் வந்தபோது கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தோட்டத்தை விற்க, வீட்டு மனை சைட் போடுகிறவர்களிடம் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னாய். அவர்களுடைய வக்கீல், பெண் பிள்ளையிடமும் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள் என்கிறாராம். "ஒரு கையெழுத்துதானுங்ப்பா. சீர் கொண்டுபோறப்ப அக்காளக் கையோட கூட்டிட்டுப் போயி முடிச்சுட்டு வந்தர்றேன். பட்டா மாறுதலுக்குன்னு சொன்னாப் போதும்" என்றாய். நான் பேசாமல் இருந்தேன். எனக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போனாய். எனக்குக் கண்தான் மங்கல். காது நன்றாக இருக்கிறது. பட்டா மாறுதலுக்கு என்று நீ சொன்னது ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. ஆனால் அது உன் வார்த்தை இல்லை. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதே வாயால் நான் சொன்ன வார்த்தை.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். ஆனால் ஒரு தடவை காதில் விழுந்தது எனக்கு மறக்காது. இது ஊருக்கே தெரியும். நிலம் வாங்குகிறவர்கள், பங்கு பிரிக்கிறவர்கள் பதிவு ஆபீசுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார்கள். பத்திர எழுத்தர் படிப்பதை நான் கேட்டுக்கொள்வேன். நாலு எல்லையும், இத்தனையாவது வாய்க்கால் மடையும், மாமூல் வழித்தடமும் பேசியபடி இருக்கிறதா என்று சொல்வேன். "இந்தப் பெருசு முன்னால படிக்கறதுன்னா எனக்குப் பயமுங்க. கால் எழுத்து உட்டாலும் கையப் புடிக்கறாரு" என்று அந்த எழுத்தர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அப்படி ஆலமரத்தடியிலும் ஆபீஸ் வராந்தாவிலும் உட்கார்ந்துதான் அந்த வார்த்தைகளையெல்லாம் படித்தேன். படித்தேன் என்று நான் சொல்லலாமா தெரியவில்லை. கேட்டேன்.

உயில் என்றால், எழுதியவன் செத்த பிறகுதான் அதற்கு உயிர். அவன் நடமாடும்வரை அது வெறும் காகிதம். இன்றைக்கு ஒன்று எழுதலாம், நாளைக்கு அதைத் தள்ளி வேறொன்று எழுதலாம். கடைசியாக எழுதியது எதுவோ அதுதான் நிற்கும். அதனால்தான் உயில் எழுதியவனுக்கு வீட்டில் சாகும்வரை மரியாதை இருக்கும். தான செட்டில்மெண்ட் அப்படி இல்லை. அது எழுதிய நிமிஷத்தில் கை மாறிவிடும். கொடுத்தவன் திரும்பக் கேட்க முடியாது. வீட்டுக்குள் இருக்கலாம், ஆனால் பிறத்தியான் வீட்டில் இருக்கிற மாதிரி. புத்தி உள்ளவர்கள் அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள்: என் ஆயுள் மட்டும் நானே அனுபவித்து வருவேன் என்று. ஆயுள் அனுபவ பாத்தியம் என்பார்கள். அந்த ஒரு வரிதான் கிழவனுக்குக் கூரை. ஒன்றுமே எழுதாமல் ஒருவன் போய்விட்டால், அவன் சம்பாதித்த சொத்து அவன் பெண்டாட்டிக்கும், ஆண் பிள்ளைக்கும், பெண் பிள்ளைக்கும் சரி பங்கு. அதற்கு வாரிசுச் சான்று வாங்குவார்கள். அதில் பெண்ணின் பெயரும் இருக்கும். அந்தப் பெயரைச் சொத்திலிருந்து எடுப்பதற்கு இருக்கிறது விடுதலைப் பத்திரம். எனக்கு உள்ள பாகத்தை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன், இனி எனக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, என் வாரிசுகளும் கேட்க மாட்டார்கள் என்று எழுதிக் கொடுப்பது. நம் பக்கத்தில் சீர் வாங்கிய பெண் அதை எழுதிக் கொடுக்காமல் போனால் அவளை ஊர் பேசும். எழுதி வாங்கிய அண்ணனை யாரும் பேசமாட்டார்கள்.

உன் தாத்தா ஜேடர்பாளையம் வாய்க்கால் பாய்கிற இந்த இரண்டரை ஏக்கரையும் கரும்பு ஆலை ஓட்டிச் சம்பாதித்தார். அவர் சொத்து, அவர் வாங்கியது. ஒன்றும் எழுதாமல் ஒரு நாள் வெல்லம் காய்ச்சும் கொப்பரைக்குப் பக்கத்திலேயே சரிந்து போனார். அப்படியானால் மூன்று பங்கு: என் அம்மா, நான், என் தங்கை பாவாயி. உன் அத்தை. எனக்கு அது அன்றைக்கே நன்றாகத் தெரியும், சாமி. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழி இல்லை. சங்ககிரியில் அவள் குழந்தைக்குக் காதுகுத்து வைத்தார்கள். மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும். புதுத்துணி, கம்மல், பழத்தட்டு எல்லாம் குறைவில்லாமல் எடுத்துப் போனேன். பந்தி முடிந்ததும் அவளிடம் சொன்னேன். "அப்பன் பேருல இருக்கற பட்டாவ மாத்தோணுமாம் அம்மிணி. நாளைக்கு வந்து ஒரு கைநாட்டு வெச்சுட்டுப் போ." அவள் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரத்துல வந்தர்றனுங்ண்ணா" என்றாள்.

மறுநாள் வந்தாள். இடுப்பில் குழந்தை, குத்திய காது வீங்கி அழுதுகொண்டிருந்தது. என் அம்மாவும் வந்தாள். தலையைக் குனிந்தபடியே வந்து, குனிந்தபடியே கைநாட்டு வைத்துவிட்டுப் போனாள். நான் எழுத்தரிடம் முதலிலேயே போய், "கொஞ்சம் வெரசலாப் படிச்சு உடுங்க, கொழந்த அழுவுது" என்று சொல்லி வைத்திருந்தேன். ஊருக்கெல்லாம் நிறுத்திப் படிக்கச் சொன்னவன் நான். அன்றைக்கு அவர் ஒரே மூச்சில் படித்தார். என் காதில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. அவள் காதில் குழந்தையின் அழுகைதான் விழுந்தது. விரலை நான்தான் பிடித்து மையில் தொட்டு வைத்தேன். அவள் அந்த மையைக் குழந்தையின் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள்.

பத்து வருஷம் கழித்து அவள் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்தான். பங்காளிகள் அவளை வெளியே தள்ளினார்கள். துணிப் பையோடு நம் வாசலில் வந்து நின்றாள். உனக்கு அப்போது ஆறு வயது. அவள் மடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றாய். உனக்கு நினைவிருக்காது. "தெக்குப்பக்கம் கெணத்து மேட்டுல குடியிருக்க ஒரு ஓலச் சாளை போட்டுக்கறனுங்ண்ணா. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள். நான் சொன்னேன்: "நீதான் எழுதிக் குடுத்துட்டயே அம்மிணி. அப்பறம் எந்த ஞாயத்துல கேக்கற?" "நான் எழுதலைங்ண்ணா. நீங்க புடிச்சு வெச்ச எடத்துல வெரல வெச்சேன்" என்றாள். சத்தம் போடவில்லை. உன்னை மடியிலிருந்து இறக்கிவிட்டு, உன் வாயைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு சங்ககிரியில் லாரிப் பட்டறைக்காரர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டே காலம் தள்ளினாள். நம் வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் வரவில்லை. அவள் செத்துப்போய்விட்டாள் என்று சேதி வந்தபோது, மேலே போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுத்துக்கொண்டு போனேன். நல்ல சேலைதான். சேலத்தில் தேடி எடுத்தது. அவள் மகன், நான் மடியில் வைத்துக் காது குத்தினேனே அவன்தான், என் கையிலிருந்து வாங்கினான். அவள் மேல் போர்த்தவில்லை. மடிப்புக் கலையாமல் கால்மாட்டில் தரையில் வைத்தான். கூட்டத்தில் ஒருத்தரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உன் அம்மா இதையெல்லாம் பார்த்தவள். சாகிறதற்கு முந்தின வருஷம் தொடங்கி ஒரே பேச்சாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "தனத்துக்கு அந்தக் கெணத்து மேட்டு முக்கா ஏக்கராவ உயில்ல எழுதி வெச்சுருங்க. மாப்புள்ளைக்குக் கை கால் உழுந்து போச்சு. அவ சேகோ ஆலைல ஜவ்வரிசிக்கு ஈரமாவு ஒணத்தி எத்தன நாளைக்குக் குடும்பம் பண்ணுவா?" நான் சரி என்பேன். உயில் எழுதினால் எமனுக்கு நாமே ஆள் அனுப்புகிற மாதிரி என்று உள்ளுக்குள் ஒரு கூச்சம். அடுத்த வெள்ளாமை முடியட்டும், அடுத்த தை வரட்டும் என்று தள்ளினேன். உயிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் ஒரு தடவைகூட எழுதவில்லை. அவள் போய்ச் சேர்ந்தாள். போன ஐப்பசியில் நீ வந்தாய். "உயில் எழுதிரலாமுங்ப்பா. உங்க காலத்துக்கு அப்பறந்தான் அது. ஒரு பாதுகாப்புக்கு" என்று காரில் கூட்டிப்போனாய். தனத்தின் பாகத்தை அங்கே வைத்துச் சொல்லிவிடலாம் என்று மனதில் நினைத்துக்கொண்டு வந்தேன்.

இனி சொல்வதை உட்கார்ந்து படி. அன்றைக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றுதான் இதுவரை நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பழைய எழுத்தர் இல்லை, அவர் மகன் இருந்தான். நிறுத்தித்தான் படிக்கத் தொடங்கினான். நீ அவனிடம், "கொஞ்சம் வேகமாப் படிங்க தம்பி, அப்பாவுக்கு உக்கார முடியல" என்றாய். அவன் வேகமாகப் படித்தான். எனக்கு வேகம் ஒரு பொருட்டா? தான செட்டில்மெண்ட் என்று தொடங்கியது. இன்று முதல் நீரே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்றது. எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு உரிமை இல்லை என்றது. நான் அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தேன், சாமி. என் ஆயுள் மட்டும் என்று ஒரு வரி. நாலு எல்லை வந்தது, கிணறும் மோட்டாரும் வந்தது, தென்னை இத்தனை என்று வந்தது, வீடும் வந்தது. அந்த வரி வரவில்லை. மரத்தை எண்ணி எழுதியவர்கள் என்னை எண்ணவில்லை.

உள்ளே மிஷினில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். மூன்று தடவை வைத்தும் எடுக்கவில்லை. "ரேகையெல்லாம் தேஞ்சு போச்சுங்க பெரியவரே, ரேசன் கடைலயும் இப்படித்தானா?" என்று அங்கே இருந்த பெண் கேட்டது. நீ என் கையை எடுத்து உன் கைக்குட்டையால் விரலை அழுத்தித் துடைத்தாய். சளி பிடித்தால் உன் மூக்கை நான் அப்படித்தான் துடைத்துவிடுவேன். அப்புறம் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டது. அதிகாரி கேட்டார்: "படிச்சுக் காட்டினாங்களா? சம்மதந்தானே?" "இல்லை" என்று அங்கே நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஆமாங்க, சம்மதந்தானுங்க" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று ஒன்பது மாதமாக யோசிக்கிறேன். நாலு பேர் நடுவில் என் மகன் பொய் சொன்னான் என்று என் வாயால் வருவதா என்பது ஒன்று. இன்னொன்றும் உண்டு. நீ வேகமாகப் படிக்கச் சொன்ன நிமிஷத்தில் பாவாயி என் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. அவளுக்குச் செய்தது எனக்கு வருகிறது, வாங்கிக்கொள்வோம் என்று நினைத்துவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. காரில் திரும்பி வரும்போது, பரமத்தி தாண்டிய பிறகுதான் உறைத்தது. தண்டனையை நான் வாங்கவில்லை. எனக்கு இன்னும் எத்தனை நாள்? தனத்தின் முக்கால் ஏக்கரைக் கொடுத்துவிட்டு என் மனதைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு பெண்ணுக்குச் செய்ததற்கு இன்னொரு பெண்ணின் சோற்றை எடுத்து ஈடு கட்டியிருக்கிறேன். அதைவிடக் கேவலம் நான் வாழ்நாளில் செய்ததில்லை. நீகூட அப்படிச் செய்ததில்லை.

தபால்காரர் சொல்கிறார், பெற்றவர்களைக் கவனிக்காமல் விட்டால் பத்திரத்தை ரத்து செய்யச் சட்டம் இருக்கிறதாம், கோட்டாட்சியருக்கு மனுக் கொடுக்கலாமாம். மனு என்றால் உன் பெயரைச் சொல்லி, இவன் எனக்குச் சோறு போடவில்லை என்று எழுத வேண்டும். நீ போட்டாய். திருச்செங்கோட்டில் மாடி அறையைக் காலி பண்ணி வைத்திருக்கிறாய், கட்டில்கூட வாங்கிவிட்டாய் என்று உன் பெண்டாட்டி சொன்னாள். பொய்யாக எழுத இந்த வாய் வராது. உண்மையை எழுத எந்த மனுவும் இல்லை.

போன வாரம் பஸ் ஏறி வாழப்பாடிக்குப் போனேன். நானாவது தனத்திடம் சொல்லிவிடலாம் என்றுதான். ஆலைக் களத்தில் வெயிலில் மாவு கிளறிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் வெள்ளை. நிழலில் உட்கார வைத்துச் சொன்னேன். தம்பி கொண்டுவருகிற காகிதம் பட்டாவுக்கு இல்லை, விடுதலை. சட்டப்படி உனக்கு நான் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அந்தக் கையெழுத்து இல்லாமல் அவர்கள் வாங்கத் தயங்குகிறார்கள், அது ஒன்றுதான் உன் கையில் இருக்கிறது, சும்மா கொடுத்துவிடாதே என்றேன். அவள் மாவுக் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "தெரியுமுங்ப்பா. தம்பி போன்ல பட்டான்னு சொல்றப்பவே தெரியும். நான் போடலீன்னா சீர்த்தட்டு ஆரு கொண்டாருவாங்க? மாமனில்லாத கல்யாணம்னு சம்பந்தி ஊட்டுல பேசுவாங்களே. எம் பையன் மொகத்த நான் பாக்க வேண்டாமுங்ளா?" என்றாள். அப்புறம், "தெரியாத மாதிரியே போட்டர்றேன். அவன் சங்கடப்பட வேண்டாம்" என்றாள். பஸ்ஸில் வரும்போது பாவாயியை நினைத்துக்கொண்டேன். எதற்கு என்று ஏன் அவள் கேட்கவில்லை என்று எனக்கு இத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் விளங்கியது.

ஆகவே தனம் கையெழுத்துப் போடுவாள். நீ உண்மையைச் சொன்னாலும் போடுவாள், சொல்லாவிட்டாலும் போடுவாள். உன் காரியம் நிற்காது. கிணற்று மேட்டை அவளுக்குக் கொடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கொடுக்கிற இடத்தில் நான் இருந்தபோது கொடுக்கவில்லை. நான் கேட்பது வேறு. அந்தப் பத்திரத்தை அவளுக்கு நீயே படித்துக் காட்டு. எழுத்தர் வேண்டாம். நிறுத்திப் படி. விடுதலைப் பத்திரம் என்ற தலைப்பிலிருந்து நாலு எல்லை முடியும்வரை படி. படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்து, இதற்குச் சம்மதமா அக்கா என்று கேள். அவ்வளவுதான். தெரியாதவள் போல நடிக்கிற வேலையையாவது அவளுக்கு மிச்சம் பண்ணு.

செய்யமாட்டாய். எனக்குத் தெரியும், சாமி. வக்கீல் ஒன்பது மணிக்கு வரச்சொல்லியிருப்பார், கல்யாண வேலை கிடக்கும், பட்டாவுக்கு என்று சொல்வது சுலபமாக இருக்கும். எனக்கும் சுலபமாகத்தான் இருந்தது. நான் போன பிறகு, என்றைக்காவது ஒரு நாள் அவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி நீதான் எடுத்துப்போக வேண்டியிருக்கும். அவள் மகன் அதை உன் கையிலிருந்து வாங்கி எங்கே வைக்கிறான் என்று பார். அப்போது உன் பக்கத்தில் நின்று சொல்ல நான் இருக்கமாட்டேன் என்பதால் இப்போதே எழுதச் சொன்னேன்.

இது உயில் இல்லை. எழுதி வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இதனால் உன்னை ஒன்றும் கட்டுப்படுத்த முடியாது. இருந்தாலும் கீழே மை தொட்டு என் கட்டைவிரலை வைத்திருக்கிறேன். தபால்காரர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு கோடுகூட உழுகலைங்க, வெறும் கறுப்பாத்தான் இருக்குது. இன்னொருக்கா வெச்சுப் பாக்கறீங்களா?" என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.